கட்டும்போதே அவிழ்ப்பதை எண்ணுக



தை பிறந்துவிட்டது. சேந்தமங்கலத்தைச் சூழ்ந்த சிற்றூர்களில் பட்டிப் பொங்கலுக்கெனப் புதுக் கயிறுகள் வாங்கும் நாள்கள் இவை. புதன்சந்தைக்குச் சென்று திரும்புவோரின் தோள்களில் மூக்கணாங்கயிறும் தலைக்கயிறும் தும்பும் தொங்குவதைக் காண்கிறோம். மாட்டைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வண்ணம் பூசி, பழைய கயிற்றை நீக்கிப் புதுக் கயிறு பூட்டி மகிழ்வது நம் உழவர் பெருமக்களின் தொன்மையான வழக்கம். அதனை அடுத்து ஜனவரி 17ஆம் நாள் வனத்து அந்தோணியார் திருநாள் வருகிறது. அன்று ஆடு மாடுகளை ஆலய வளாகத்துக்குக் கொணர்ந்து ஆசீர் பெற்றுச் செல்லும் குடும்பங்களும் நம்மிடையே உண்டு.

சென்ற ஆண்டு அத்திருநாளன்று நான் தீர்த்தம் தெளித்துக்கொண்டே வந்தபோது, வேப்பமரத்தில் கட்டப்பட்டிருந்த கன்று ஒன்று வேட்டொலிக்கு மிரண்டு, மரத்தை இருமுறை சுற்றி, கால் இடறி விழுந்தது. கழுத்துக் கயிறு இறுகியது. நாக்கு வெளியே தள்ளியது. உரியவரும் அவர் மகனும் வேறொருவருமாக மூவர் முடிச்சோடு போராடினர். அது அவிழவில்லை. சந்தைக் கடையில் வாங்கிய நைலான் கயிறு. அதில் ஒன்றன்மேல் ஒன்றாக நான்கு முடிச்சுகள். கடைசியில் தேங்காய் உடைக்க வைத்திருந்த அரிவாளால் கயிற்றை அறுத்தனர். கன்று பிழைத்தது. “கட்டு பலமாய் இருக்கட்டும் என்றுதான் சாமி போட்டேன்” என்றார் அவர், முகத்தைத் துடைத்துக்கொண்டே. அவர் கூறியது என் நெஞ்சில் தைத்தது. ஏனெனில் அதே சொற்களை நான் என் பதின்மூன்றாம் வயதில் என் அன்னையிடம் கூறியிருக்கிறேன். ஆகவே இம்மாதம் இப்பக்கத்தில் கயிற்றைப் பற்றியும் முடிச்சைப் பற்றியும் உங்களோடு பேச விழைகிறேன். பங்குக்குருவுக்கு இது தேவைதானா என எண்ணாது, பொறுமையோடு படிக்க வேண்டுகிறேன்.

எங்கள் வீட்டுக் கொட்டில்

கொல்லிமலை அடிவாரத்துச் சிற்றூர் ஒன்றில் எங்கள் வீடு இருந்தது. ஒரு கறவைப் பசுவும் அதன் கிடாரிக்கன்றுமே எங்கள் செல்வம். கொட்டிலுக்குக் கரும்புச் சோகை வேய்ந்த கூரை. பசுவைக் கட்டுவது என் பொறுப்பு. கன்றைக் கட்டுவது அன்னையின் பொறுப்பு. ஒருநாள் பசு கட்டை அவிழ்த்துக்கொண்டு அடுத்தவர் கடலைக் காட்டில் இறங்கி மேய்ந்துவிட்டது. அவர் எங்கள் வாசலில் நின்று பேசிய பேச்சு தந்தையாரைச் சுட்டது. “மாடு கட்டத் தெரியாதவன் என்ன பிள்ளை!” என்று அவர் என்னைக் கடிந்துகொண்டார்.

அன்று மாலை நான் என் வீரத்தைக் காட்டினேன். தேங்காய்நார்க் கயிற்றை நீரில் நனைத்து, கட்டுத்தறியில் இருமுறை சுற்றி, ஆறு முடிச்சுகள் போட்டேன். ஒவ்வொன்றையும் காலால் மிதித்து இறுக்கினேன். அன்னை அதைப் பார்த்துவிட்டு, “இவ்வளவு எதற்கடா?” என்றார். “கட்டு பலமாய் இருக்கட்டும்” என்றேன். அன்னையோ வழக்கம்போலக் கன்றின் கயிற்றை மடித்து, ஒரே ஒரு சுருக்கில் செருகிவிட்டுப் போனார்.

கொசுத் தொல்லைக்காகக் கொட்டிலின் வாயிலில் வேப்பந்தழை மூட்டம் போடுவது எங்கள் ஊர் வழக்கம். நள்ளிரவில் காற்றடித்து மூட்டத்தின் பொறி சோகைக் கூரையில் ஏறியது. பசுவின் கதறல் கேட்டே நாங்கள் விழித்தோம். அன்னைதான் முதலில் உள்ளே ஓடினார். கன்றின் கயிற்று நுனியை ஒரே இழுப்பு. கன்று வெளியே பாய்ந்தது. பிறகு பசுவின் முடிச்சில் கை வைத்தார். நனைந்த கயிறு காய்ந்து கல்லாகியிருந்தது. போதாதற்கு, மிரண்ட பசு பின்னோக்கி இழுக்க இழுக்க முடிச்சு மேலும் இறுகியது. தந்தையார் அரிவாளைத் தேடி அடுக்களைக்கு ஓடினார். அது அன்று வழக்கமான இடத்தில் இல்லை. அவர் அதைக் கண்டெடுத்து வருவதற்குள் கூரையின் ஒரு பகுதி சரிந்துவிட்டது. அன்னையை இழுத்து வெளியே கொணர்ந்தார். பசுவைக் கொணர முடியவில்லை.

அன்னையின் வலக்கை விரல்கள் இரண்டு அதன்பின் முழுமையாக மடங்கியதே இல்லை. என்னை ஒருவரும் குறை கூறவில்லை. அதுவே எனக்குப் பெருந்தண்டனையாயிற்று. மூன்றாம் நாள், கட்டிய கையோடு அன்னை என்னைத் திண்ணைத் தூணருகே அமர்த்தி, ஒரு கயிற்றைக் கொடுத்து, கன்றைக் கட்டும் அந்தச் சுருக்கை எனக்குக் கற்பித்தார். “கட்டுகிறவன் அவிழ்க்கிறவளையும் நினைக்கணும் கண்ணு” என்றார். இக்கட்டுரையில் நான் சொல்ல வந்தது அவ்வளவே. எஞ்சியவை எல்லாம் அதற்கான விளக்கம்.

முடிச்சு ஏன் அவிழ்வதில்லை?

கயிறு கயிற்றை அழுத்துவதால் உண்டாகும் உராய்வே முடிச்சின் வலிமை. மாடு எவ்வளவு இழுக்கிறதோ அவ்வளவுக்கு அழுத்தம் கூடுகிறது. அழுத்தம் கூடக்கூட உராய்வும் கூடுகிறது. நானூறு கிலோ எடையுள்ள கலப்பினப் பசு அச்சத்தால் தலையைப் பின்னோக்கி வெட்டி இழுக்கும்போது, சாதாரண முடிச்சு மனித விரல்களுக்கு அடங்காததாகிவிடுகிறது. ஆபத்து வேளையில்தான் மாடு மிகுதியாக இழுக்கும். எனவே முடிச்சு எப்போது எளிதாக அவிழ வேண்டுமோ, அப்போதுதான் அது மிகக் கடினமாக இறுகுகிறது.

கயிற்றின் இயல்பையும் அறிதல் வேண்டும். தேங்காய்நார், சணல், கற்றாழைநார் ஆகியவை நீர்பட்டால் உப்பி முடிச்சை இறுக்கும். இந்நாளில் மலிவாகக் கிடைக்கும் செயற்கைக் கயிறுகள் நீரில் உப்புவதில்லை, ஆனால் மெல்லியதாயின் தோலை அறுக்கும், வெப்பத்தில் உருகும். பாலிபுரொப்பிலீன் கயிறு ஏறத்தாழ 165 பாகை செல்சியசிலும், நைலான் 220 பாகைக்கு மேலும் உருகும். உருகியது அறுந்து விழுந்து மாடு தப்பும் என எண்ணற்க. அதற்கு முன்னரே உருகிய பிசின் கழுத்துத் தோலில் ஒட்டிச் சுடும்.

நல்ல கட்டின் இலக்கணம்

மாட்டைக் கட்டுவதற்கு நாம் அமைக்கும் எந்தக் கருவியும், அது வெறும் முடிச்சாயினும் இரும்புக் கொக்கியாயினும், நான்கு இலக்கணங்களைக் கொண்டிருத்தல் நலம்.

முதலாவது, மாடு முழு வலிமையோடு இழுத்துக்கொண்டிருக்கும்போதே அது அவிழ வேண்டும். கயிறு தளர்ந்தால்தான் கழலும் என்றால் அக்கருவி ஆபத்துக்கு உதவாது. நாய்ச் சங்கிலியில் உள்ள வில் கொக்கி இவ்வகையே. கயிறு விறைத்து நிற்கையில் அதைக் கழற்றுவது மிகக் கடினம்.

இரண்டாவது, இருளிலும் புகையிலும், கண்ணால் பாராமலே, ஒரே கையால் ஒரே செயலில் அவிழ்க்க முடிய வேண்டும். வீட்டிலுள்ள ஆண்மகனின் கைவலிமையை அளவாகக் கொள்ளாதீர்கள். அவர் சந்தைக்கோ லாரி ஓட்டவோ சென்றிருக்கலாம். பாட்டியின் கையும் பத்து வயதுச் சிறுமியின் கையுமே சரியான அளவு.

மூன்றாவது, அவிழ்ப்பவர் மாட்டுக்கும் சுவருக்கும் இடையே செல்லாமல் அவிழ்க்க முடிய வேண்டும். இறுகும் கயிற்றுக்குள் விரல் நுழைந்தால் விரல் போய்விடும். கயிற்றைக் கையில் சுற்றிக்கொண்டு மாட்டைப் பிடிப்பதும் அத்தகைய தவறே. மடித்துப் பிடிக்கலாம், சுற்றிப் பிடிக்கலாகாது.

நான்காவது, மாடு தானே அவிழ்த்துக்கொள்ளக் கூடாது. பசு நாக்கால் துழாவும்; கன்று சப்பும்; ஆடு மெல்லும். எனவே அவிழ்க்கும் நுனி அவற்றின் வாய்க்கு எட்டாத பக்கத்தில் இருத்தல் வேண்டும். “தும்பை விட்டு வாலைப் பிடிக்காதே” என்ற பழமொழியை நான் மறுக்கவில்லை. தும்பை விடும் உரிமை மாட்டுக்கு அன்று, நமக்கே உரியது என்கிறேன்.

மூவகைக் கட்டுகள்

செலவே இல்லாதது அன்னை கற்பித்த உருவு முடிச்சு. கயிற்று நுனியைக் கட்டுத்தறியின் வளையத்தில் நுழைத்து இரண்டு முழம் வெளியே இழுத்துக்கொள்ளுங்கள். மாட்டிலிருந்து வரும் பகுதியைத் தாய்க்கயிறு என்றும், வெளியே வந்த பகுதியை வால் என்றும் வைத்துக்கொள்வோம். வாலைத் தாய்க்கயிற்றின் மேலாகக் குறுக்கே போடுங்கள். வளையத்தை ஒட்டி ஒரு கண்ணி உண்டாகும். இனி வாலின் நுனியை அன்றி, அதன் இடைப்பகுதியை இரண்டாக மடித்து, அம்மடிப்பைத் தாய்க்கயிற்றின் பின்புறமாகக் கொண்டுவந்து கண்ணிக்குள் செலுத்தி இறுக்குங்கள். நுனி வெளியே தொங்கும். அதை இழுத்தால் கட்டு முழுவதும் கலையும். பள்ளிக்குச் செல்லும் பிள்ளையின் காலணிக் கயிற்றில் நாம் நாள்தோறும் பயன்படுத்தும் சூழ்ச்சியே இது. மாடு அவிழ்த்துவிடும் என அஞ்சிச் சிலர் நுனியை அம்மடிப்புக்குள் மீண்டும் செருகிவிடுவர். அவ்வாறு செய்தால் நுனியை முதலில் வெளியே எடுத்த பின்னரே அவிழ்க்க முடியும் என்பதை மறவாதீர்கள்.

இம்முடிச்சும் மெல்லிய கயிற்றில், பெருமாடு நெடுநேரம் இழுத்தால் இறுகிவிடக்கூடும். அதனினும் உறுதியானது ஆப்புக் கட்டு. தறியில் ஓர் இரும்பு வளையம். கயிற்றின் முனையில் நிலையான கண்ணி ஒன்று. கண்ணியை வளையத்தினூடே செலுத்தி, மறுபுறம் வந்த கண்ணிக்குள் ஒரு சாண் நீளமுள்ள வழவழப்பான ஆப்பைச் செருகுங்கள். மாடு இழுக்கும்போது ஆப்பு வளையத்தின் மேல் குறுக்காகத் தங்கும். ஆப்பு ஒரு முனையில் பருத்தும் மறுமுனையில் சிறுத்தும் இருக்க வேண்டும். சிறுத்த முனையில் கட்டையாலோ கல்லாலோ ஒரு தட்டுத் தட்டினால், மாடு இழுத்துக்கொண்டிருந்தாலும் ஆப்பு நழுவும். கண்ணி வளையத்தைவிட்டு வெளியேறும். ஆப்பைச் சிறு கயிற்றால் தறியோடு பிணைத்துவிட்டால் காணாமற்போகாது. அதற்கு வெள்ளை வண்ணம் பூசினால் இருளில் தெரியும். நம் ஊர்த் தச்சரோ கொல்லரோ ஒரு பொழுதில் செய்துகொடுக்கும் வேலை இது.

குதிரை வளர்ப்போர் இதற்கெனவே தனிக் கொக்கி ஒன்றைக் கையாள்கின்றனர். அதன் வாயை மூடியிருக்கும் குழல் போன்ற உறையைச் சற்று நகர்த்தினால், எவ்வளவு இழுவிசை இருப்பினும் கொக்கி திறந்துவிடும். பிரிட்டனில் குதிரையைக் கட்டும்போது, கயிற்றை நேரே வளையத்தில் கட்டாமல், இடையே மெல்லிய கட்டுக்கயிற்றாலான ஒரு கண்ணியை வைப்பதும் வழக்கம். குதிரை கால் இடறித் தொங்க நேர்ந்தால் அக்கண்ணி அறுந்து உயிரைக் காக்கும். நாமும் கன்றுகளுக்கும் ஆடுகளுக்கும் சணல் கண்ணியை இவ்வாறு இடையே வைக்கலாம். முரட்டுக் காளைக்கு இது பொருந்தாது.

ஐந்தாறு மாடுகளை வரிசையாகக் கட்டுவோர் ஒவ்வொன்றாக அவிழ்க்க நேரம் இராது. மேலைநாட்டுப் பால் பண்ணைகள் பலவற்றில் ஒரே நெம்புகோலை இழுத்தால் ஒரு வரிசை மாடுகள் அனைத்தும் ஒருங்கே விடுபடும் அமைப்பு உண்டு. அதன் எளிய வடிவம் நமக்கும் கைக்கெட்டும் தொலைவில் உள்ளது. தீவனத் தொட்டியின் மேல் வரிசையாக இரும்புக் காதுகளைப் பதித்து, அவற்றினூடே ஒரு நீண்ட கம்பியைச் செலுத்த வேண்டும். ஒவ்வொரு மாட்டின் கயிற்றுக் கண்ணியும் இரு காதுகளுக்கு இடையே அக்கம்பியில் கோக்கப்பட்டிருக்கும். கம்பியின் கைப்பிடி கொட்டிலின் வெளிப்புறத்தே நீண்டிருக்கும். அதை உருவினால் கண்ணிகள் யாவும் கழலும். லாரிக்குக் கூடு கட்டுவதில் நாடறிந்த நாமக்கல் பட்டறைகளுக்கு இது பெரிய வேலை அன்று. லாரியின் பின்கதவைத் தாங்கும் ஆணியும் காதும் இதே தத்துவமே. ஆயினும் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. கம்பி துருவேறினாலோ வளைந்தாலோ வேண்டிய நேரத்தில் வராது. மாதந்தோறும் மசகு இட்டு இழுத்துப் பார்க்க வேண்டும். ஒரு கம்பியில் மூன்று நான்கு மாடுகளுக்கு மேல் கோக்க வேண்டா; எல்லாம் ஒருங்கே இழுத்தால் கம்பி பிடித்துக்கொள்ளும்.

எவ்வகைக் கட்டாயினும் கழுத்தில் இருப்பது இறுகும் சுருக்காக இருத்தல் கூடாது. நிலையான வளையமாகவே இருக்க வேண்டும். உள்ளங்கை அதனுள் தாராளமாக நுழைய வேண்டும். கன்று வளர வளரக் கயிற்றைத் தளர்த்தாமையால், கயிறு தோலுக்குள் புதைந்து புண்ணாவது உண்டு. மூக்கணாங்கயிறு மாட்டை நடத்துவதற்கே. அதைத் தறியில் கட்டினால் ஒரு மிரட்சியில் மூக்கு கிழிந்துவிடும்.

அவிழ்த்தால் போதுமா?

இங்கே ஒரு வரலாற்றை நினைவுகூர்வது பொருந்தும். அமெரிக்காவின் சிகாகோ நகரில் 1871ஆம் ஆண்டு அக்டோபர் 8ஆம் நாள், ஞாயிறு இரவில் ஒரு மாட்டுக் கொட்டிலில் தீப்பற்றியது. அக்கொட்டில் கேத்தரின் ஓலியரி என்னும் ஐரிஷ் கத்தோலிக்கப் பெண்மணிக்கு உரியது. பால் விற்றுப் பிழைத்த ஏழைக் குடும்பம். அத்தீ அடுத்த இரு நாள்களில் ஏறத்தாழ 300 உயிர்களைக் குடித்து, ஒரு இலட்சம் மக்களை வீடற்றவராக்கியது. அப்பெண்மணியின் பசு விளக்கை உதைத்ததே காரணம் என்ற கதை உலகெங்கும் பரவியது. அக்கதையைத் தாமே புனைந்ததாகச் செய்தியாளர் ஒருவர் 1893இல் ஒப்புக்கொண்டார். 1997இல் சிகாகோ நகர மன்றம் அவரையும் அவர்தம் பசுவையும் குற்றமற்றவர் என அறிவித்தது. தீ எவ்வாறு தோன்றிற்று என்பது இன்றளவும் தெளிவாகவில்லை.

நமக்கு வேண்டியது அவ்விசாரணையில் கிடைத்த மற்றொரு சாட்சியம். டேனியல் சல்லிவன் என்னும் அயலார் தீயைக் கண்டு கொட்டிலுக்குள் ஓடினார். அவருக்கு ஒரு கால் மரக்கால். இரண்டு பசுக்களின் கட்டை அவர் அவிழ்த்துவிட்டார். ஆனால் அவை வெளியேறவில்லை. வெம்மை தாளாமல் திரும்பும்போது கால் வழுக்கி விழுந்தார். எப்படியோ தப்பி, முதுகு கருகிய ஒரு கன்றோடு அவர் வெளியே வந்தார். கட்டு அவிழ்ந்தும் பசுக்கள் ஏன் நின்றன? கொட்டிலே அவற்றுக்குப் பாதுகாப்பான இடம் என்று பழகியிருந்தன. அச்சம் மிகும்போது விலங்கு அறிந்த இடத்தையே நாடும்; வெளியே விரட்டினாலும் உள்ளே திரும்பி ஓடுவதும் உண்டு.

இதற்கு விடையும் அதே நூற்றாண்டில், அதே நாட்டின் தீயணைப்பு நிலையங்களில் கிடைத்தது. அக்காலத்தில் தீயணைப்பு வண்டிகளைக் குதிரைகள் இழுத்தன. அபாய மணி ஒலித்ததும் குதிரைக் கொட்டடியின் தடைகள் தாமே விலகும்படிக் கருவிகள் அமைத்திருந்தனர். கட்டு விலகிய குதிரைகளோ மிரளாமல், தாமே நடந்து வந்து வண்டியின் முன் தம் இடத்தில் நின்றன. மணியோசைக்கும் கட்டவிழ்ப்புக்கும் அவற்றை இடைவிடாது பழக்கியதே காரணம். கருவி பாதி, பழக்கம் பாதி.

ஆகவே நாள்தோறும் மாட்டை வெளியே கொண்டுசெல்லும்போது அதே கட்டை அதே முறையில் அவிழ்த்து, அதே வாயிலால், அதே குரல் கொடுத்து அழைத்துச் செல்லுங்கள். வெளியே ஒரு பிடி தவிடோ தீவனமோ தாருங்கள். அக்குரலைக் கேட்டால் வெளியே போக வேண்டும் என்பது அதன் உடம்பில் ஊறிவிடும். கொட்டிலின் வாயில் வெளிப்புறம் திறப்பதாகவும், முன்னே விறகோ உரமூட்டையோ கிடக்காததாகவும் இருக்கட்டும். அவிழ்த்த மாட்டைக் கொட்டிலுக்கு எட்டாத தொலைவில் வேலிக்குள் அடைத்துவிடுங்கள். கூரை முழுவதும் பற்றிவிட்டபின் எவரும் உள்ளே செல்ல வேண்டா. மாட்டின் உயிர் அரியது. ஆனால் தாயின் உயிருக்கு ஈடன்று. இதை நான் ஏட்டறிவால் எழுதவில்லை.

தீ மட்டுமன்று

மூட்டத்தைக் கொட்டிலின் வாயிலில் போடாமல், காற்றுக்கு எதிர்ப்புறம் தள்ளி, மண்சட்டியில் போட்டு, உறங்கப்போகுமுன் நீர் தெளித்து அணைத்துவிடுங்கள். சோளத்தட்டுப் போரையும் வைக்கோற்போரையும் கொட்டிலோடு ஒட்டி அடுக்காதீர்கள். எலி கடித்த மின்கம்பிகளை உடனே மாற்றுங்கள். ஒரு வாளி நீரும், உறையிட்ட அரிவாளும் என்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும்.

நம் சமவெளியில் திறந்த கிணறுகள் மிகுதி. கிணற்றருகே மாட்டைக் கட்டுவோர், கயிற்றின் நீளத்தோடு மாட்டின் உடல் நீளத்தையும் கூட்டிக்கொண்டு, அதற்கும் அப்பால் முளையை அடிக்க வேண்டும். மின்கம்பத்திலோ அதைத் தாங்கும் இழுவைக் கம்பியிலோ ஒருபோதும் கட்டலாகாது. மின்கசிவில் மாண்ட மாடுகள் பல.

கடலோர மாவட்டத்து உறவினர்களுக்கும் இதைச் சொல்லுங்கள். 1999இல் ஒடிசாவைத் தாக்கிய பெரும்புயலில் மாண்ட கால்நடைகள் நான்கு இலட்சத்துக்கும் அதிகம். 2018 நவம்பரில் கஜா புயல் நாகை, தஞ்சை, திருவாரூர், புதுக்கோட்டைப் பகுதிகளில் ஆடுமாடுகளைக் கொன்று குவித்தது. புயலும் வெள்ளமும் வருமுன் கால்நடைகளை அவிழ்த்துவிடுமாறு தேசியப் பேரிடர் மேலாண்மை ஆணையம் அறிவுறுத்துகிறது. கட்டுண்ட மாடு நீந்த முடியாது. கட்டவிழ்ந்த மாட்டுக்கு ஒரு வாய்ப்பு உண்டு.

சில ஐயங்கள்

“களவு போனால் யார் பொறுப்பு?” என்று கேட்போர் உண்டு. அதற்கஞ்சிச் சிலர் மாட்டின் கழுத்தில் சங்கிலியிட்டுப் பூட்டே போடுகின்றனர். பூட்டுவதாயின் வெளிவாயிலைப் பூட்டுங்கள், கழுத்தைப் பூட்டாதீர்கள். வாயிலின் திறவுகோல் வீட்டார் அனைவரும் அறிந்த ஓர் ஆணியில் தொங்கட்டும். மிகக் குறுகிய அல்லது மிகக் கனத்த கயிற்றிலோ சங்கிலியிலோ விலங்கை நியாயமற்ற நேரம் கட்டிவைப்பதை 1960ஆம் ஆண்டு விலங்குவதைத் தடைச் சட்டம் குற்றமாக்கியுள்ளது என்பதையும் அறிக.

“இவ்வளவு காலமாக நடந்ததுதானே” என்பாரும் உளர். நடக்காதவரை எல்லாம் நடந்ததுதான். மேலும் விவரம் வேண்டுவோர், 1985இல் தொடங்கப்பெற்ற நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியை அணுகலாம். தீக்கு 101, காயமுற்ற கால்நடைக்கு 1962 என்னும் தொலைபேசி எண்களைக் கொட்டில் சுவரில் எழுதிவையுங்கள்.

ஒரு வேண்டுகோள்

லூக்கா நற்செய்தியின் 13ஆம் அதிகாரத்தில், பதினெட்டு ஆண்டுகளாகக் கூனியிருந்த பெண்ணை நம் ஆண்டவர் ஓய்வுநாளில் குணமாக்குகிறார். தொழுகைக்கூடத் தலைவன் முறுமுறுக்கிறான். அதற்கு அவர் சட்ட நூலிலிருந்து விடை தரவில்லை. மாட்டுத் தொழுவத்திலிருந்து தருகிறார். ஓய்வுநாளிலும் நீங்கள் உங்கள் மாட்டையும் கழுதையையும் அவிழ்த்துத் தண்ணீர் காட்டுவதில்லையா என வினவுகிறார். கேட்டவர் அனைவர் வீட்டிலும் கயிறு இருந்தது. அதை அவிழ்க்கும் கையும் இருந்தது. அவர்கள் வாயடைத்துப் போயினர். இப்பகுதியை நான் மறையுரைக்கெனப் படிக்கும்போதெல்லாம் மடங்காத இரு விரல்கள் என் கண்முன் தோன்றுகின்றன.

இப்பொங்கலில் புதுக் கயிறு பூட்டும்போது பழைய முடிச்சையும் மாற்றுங்கள். மாற்றியபின் ஒருநாள் மாலை, விளக்கை அணைத்துவிட்டு, வீட்டிலேயே வலிமை குன்றிய ஒருவரை அழைத்து, “அவிழ்த்துக் காட்டுங்கள்” என்று கேளுங்கள். பத்து எண்ணுவதற்குள் அவிழ்த்தால் உங்கள் கட்டு நல்ல கட்டு. அவிழாவிட்டால் அன்றிரவே மாற்றுங்கள். நாளைக்கென ஒத்திவைக்க வேண்டா.

வனத்து அந்தோணியார் திருநாளுக்கு ஆடு மாடுகளைக் கொண்டுவருவோர் இவ்வாண்டு வேப்பமரத்தில் உருவு முடிச்சே போட்டுக் கட்டுவார்களாக. தெரியாதவர்கள் என்னிடம் வாருங்கள். தூணும் கயிறும் ஆயத்தமாக வைத்திருப்பேன். சிறுவர்களை முன்வரிசையில் அனுப்புங்கள்; அவ்வயதில்தான் நான் கற்றேன், ஒரு பசுவை இழந்தபின்.

உங்கள் இல்லங்களிலும் தொழுவங்களிலும் இறைவனின் பாதுகாப்பு நிலைப்பதாக!